புதன்கிழமை வராத பையன்கள்: பல்கலைக்கழகக் கல்வியியல் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களின் கல்வியியல் துறைப் பேராசிரியர்களுக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

தருமபுரி மாவட்டத்தில் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதற்கு முன் முதுகலைக் கணித ஆசிரியர். ஆராய்ச்சி செய்தவன் அல்ல. ஆனால் முப்பது ஆண்டுகளாக, ஆராய்ச்சிக்கு என்று எங்கள் பள்ளிக்கு வந்தவர்களுக்கு நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, ஆசிரியர்களைக் கூட்டி உட்காரவைத்து, வினாப்படிவங்களை நிரப்பிக் கொடுத்தவன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

கேட்க வந்தது ஒன்றுதான். பள்ளிகளிலிருந்து எடுத்துச் செல்வதைப் பள்ளிகளுக்கே திருப்பிக் கொண்டுவந்து தரும் ஆய்வு மையம் வேண்டும். மூன்று ஆண்டுத் திட்டம் முடிந்ததும் பூட்டப்படுவதாக இல்லாமல், உங்கள் பல்கலைக்கழகம் இருக்கும் மாவட்டத்துப் பள்ளிகளோடு வருடக்கணக்கில் கூடவே இருக்கும் மையம்.

ஏன் கேட்கிறேன் என்பதற்கு ஒரு நோட்டின் கதையைச் சொல்ல வேண்டும்.

2019இல் காலாண்டுத் தேர்வு முடிந்த சமயம். எம்.எட். படித்துக்கொண்டிருந்த என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். "சார், சிகாகோவில் ஒன்பதாம் வகுப்பைப் பார்த்தே எந்தப் பிள்ளை பன்னிரண்டு முடிக்கும், எது பாதியில் நிற்கும் என்று பெரும்பாலும் சொல்லிவிடுகிறார்களாம்" என்றாள். எப்படியம்மா என்று கேட்டேன். பெரிய கணக்கு ஒன்றும் இல்லை சார், முக்கியமான பாடங்களில் பெயிலா, எத்தனை நாள் வரவில்லை, இதுதான் என்றாள்.

அன்று சாயங்காலமே ஒன்பதாம் வகுப்பின் இரண்டு பிரிவு வகுப்பாசிரியர்களையும் கூப்பிட்டு ஒரு நோட்டில் கோடு போட்டோம். 78 பிள்ளைகள். பெயர், ஜூன் முதல் வராத நாட்கள், காலாண்டில் 35க்குக் கீழே வாங்கிய பாடங்கள். வராத நாட்களை வெறும் எண்ணாக எழுதாமல் கிழமையையும் சேர்த்து எழுதலாமே சார் என்றார் 'ஆ' பிரிவு ஆசிரியை. அந்த அம்மா சொன்ன யோசனைதான் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தது. மற்ற நாட்களில் ஒழுங்காக வருகிற மூன்று பையன்கள், புதன்கிழமை தோறும் இல்லை.

எங்கள் ஊர்ச் சந்தை புதன்கிழமை. விடியற்காலையில் வண்டியிலிருந்து தக்காளிக் கூடை இறக்கப் போகிறார்கள். பத்து மணிக்கு வேலை முடிந்துவிடுகிறது. அதன் பிறகு பள்ளிக்கு வந்தால் வாசலிலேயே திட்டு விழும் என்று வீட்டில் இருந்துவிடுகிறார்கள். மூவரும் பெயிலாகியிருந்தது அறிவியலில். கால அட்டவணையை எடுத்துப் பார்த்தால், அந்தப் பிரிவுக்கு அறிவியல் புதன்கிழமை காலையில்தான் சேர்ந்தாற்போல் இரண்டு பாடவேளை. படிப்பு வராத பையன்கள் என்று நாங்கள் முடிவு கட்டி வைத்திருந்தவர்கள், வாரத்தின் பாதி அறிவியல் வகுப்பைக் கண்ணாலேயே பார்க்காதவர்கள்.

இரட்டைப் பாடவேளையை வெள்ளிக்கிழமைக்கு மாற்றினோம். புதன்கிழமை பத்தரை மணிக்கு வந்தாலும் உள்ளே விடுங்கள் என்று எல்லா ஆசிரியர்களிடமும் சொன்னேன். சந்தைக் குத்தகைதாரரையும் போய்ப் பார்த்துப் பேசினேன். மூவரில் இருவர் பின்னால் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தார்கள். மூன்றாமவன் கொரோனா காலத்தில் பெங்களூருக்கு வேலைக்குப் போனான், திரும்பவில்லை. அவன் பெயருக்கு நேரே நாங்கள் பச்சை மையில் போட்ட குறி இன்னும் அந்த நோட்டில் இருக்கிறது.

இதில் என்னை உறுத்துவது எது தெரியுமா? அந்தப் புதன்கிழமைகளை நாங்கள் ஒளித்துவைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் வகுப்பாசிரியர்கள் செல்போனில் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் செயலியைத் திறந்து, யார் வந்தார், யார் வரவில்லை என்று பதிந்துகொண்டுதான் இருந்தார்கள். சிக்னல் கிடைக்காத நாளில் வேப்பமரத்தடிக்கு ஓடிப்போய்ப் பதிந்தார்கள். அத்தனையும் மேலே போய்ச் சேர்ந்தது. மேலே போனது, 'இந்தப் பிள்ளையைக் கவனியுங்கள்' என்று எங்களிடம் ஒருநாளும் இறங்கி வரவில்லை. அதை இறக்கிக் கொண்டுவந்து படித்துச் சொல்லும் வேலை யாருடையது? அலுவலர்களுக்கு நூறு வேலை. தலைமையாசிரியருக்கு இருநூறு. படிக்கவும் ஆராயவும் பயிற்சி பெற்றவர்கள் நீங்கள்தான்.

அந்த மாணவி சொன்ன சிகாகோ கதையை ஓய்வுக்குப் பிறகு ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன். 1987இல் அமெரிக்காவின் கல்விச் செயலர் வில்லியம் பென்னட், நாட்டிலேயே மோசமான பள்ளிகள் சிகாகோ பள்ளிகள்தான் என்று பகிரங்கமாகச் சொன்னார். அடுத்த ஆண்டே இலினாய் மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பெற்றோரும் ஊர்க்காரர்களும் ஆசிரியர்களும் உட்கார்ந்த பள்ளி மன்றங்களுக்குத் தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரமே கிடைத்தது. இந்த மாற்றம் பலன் தருகிறதா என்று கூடவே இருந்து பார்க்க, 1990இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வுக் கூட்டமைப்பு தொடங்கினார்கள். இன்றைக்கும் அது இருக்கிறது. ஒரே ஊர், ஒரே பள்ளிகள், முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக.

அவர்கள் 2005இல் வெளியிட்ட அறிக்கையில்தான் அந்த ஒன்பதாம் வகுப்புக் கணக்கு வந்தது. எலைன் ஆலன்ஸ்வொர்த், ஜான் ஈஸ்டன் இருவரும் எழுதியது. ஒன்பதாம் வகுப்பு முடிவில் பத்துக்குப் போகும் அளவுக்குப் பாடங்களை முடித்து, முக்கியப் பாடங்களில் ஒரு அரையாண்டுத் தோல்விக்கு மேல் இல்லாத பிள்ளை 'தடத்தில் இருக்கும்' பிள்ளை. தடம் விலகிய பிள்ளையைவிட அது நான்கு ஆண்டில் பள்ளிப் படிப்பை முடிக்கும் வாய்ப்பு மூன்றரை மடங்குக்கும் அதிகம். எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணைவிட இந்தக் கணக்கு துல்லியமாகச் சொன்னது. பிறகு செய்த ஆய்வில், ஒன்பதாம் வகுப்பில் பெயிலாவதை முன்கூட்டிக் காட்டுவதில் பழைய மதிப்பெண்ணைவிட வருகைப் பதிவே பல மடங்கு மேல் என்று தெரிந்தது. இதைப் படித்தபோது அந்த மூன்று பையன்களும் என் கண்முன் வந்து நின்றார்கள்.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். அறிக்கை வந்த கையோடு எதுவும் மாறிவிடவில்லை. தடத்தில் இருப்போர் விகிதத்தைச் சிகாகோ பள்ளி நிர்வாகம் பள்ளிகளின் மதிப்பீட்டில் சேர்த்த காலத்திலும் எண் பெரிதாக அசையவில்லை. 2008 வாக்கில், தடம் விலகக்கூடிய பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் பள்ளிகளின் கைக்கே வர ஆரம்பித்தது. அதே பல்கலைக்கழகத்தின் இன்னொரு குழு, உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களை ஒன்றுகூட்டி, பட்டியலை முன்னால் வைத்து, இந்தப் பெயருக்கு நாளைக் காலையில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று பேசவைத்தது. 2007இல் 57 விழுக்காடாக இருந்த தடத்தில் இருப்போர் எண்ணிக்கை 2013இல் 82 விழுக்காடானது. பெயர்ப்பட்டியல் கைக்கு வந்ததும் வேலை நடந்தது. தலைமையாசிரியர் எவரைக் கேட்டாலும் சொல்வார்: விழுக்காட்டைப் பார்த்தால் பயம்தான் வரும், பெயரைப் பார்த்தால்தான் செய்யவேண்டிய வேலை தெரியும்.

அந்தக் கூட்டமைப்பு தலைமையாசிரியர் வேலையைப் பற்றியும் ஆழமாகப் பார்த்திருக்கிறது. முன்னேறிய தொடக்கப் பள்ளிகளையும் முன்னேறாதவற்றையும் ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டு, பள்ளியைத் தாங்கும் ஐந்து ஆதாரங்களைச் சொன்னார்கள். அவற்றில் பலவற்றில் வலுவாக இருந்த பள்ளி, பலவற்றில் தளர்ந்திருந்த பள்ளியைவிட முன்னேறும் வாய்ப்பு பத்து மடங்கு. மற்ற நான்கையும் இழுத்துப் போகும் ஆதாரமாக அவர்கள் வைத்தது பள்ளித் தலைமையை. மினசோட்டா, டொரண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் எழுதியதும் இதையே சொல்கிறது: பள்ளி சார்ந்த காரணங்களில் வகுப்பறைக் கற்பித்தலுக்கு அடுத்தபடியாகப் பிள்ளைகளின் கற்றலைத் தொடுவது தலைமைதான்.

நான் தலைமையாசிரியர் ஆன நாளை நினைத்துப் பார்க்கிறேன். பதவி உயர்வுக் கலந்தாய்வில் ஆணை வாங்கினேன். மறுநாள் பொறுப்பேற்றேன். சாவிக்கொத்து, ரொக்கப் பதிவேடு, இருப்புப் பதிவேடு, தண்ணீர் மோட்டாருக்கு எந்த சுவிட்ச் என்ற விவரம், இவை கைமாறின. இருபத்துச் சொச்சம் ஆண்டு முக்கோணவியல் நடத்தியவன், முப்பது ஆசிரியர்களை எப்படிக் கூட்டிப்போவது என்று யாரிடமும் படித்ததில்லை. பிறகு பயிற்சிகள் வந்தன. பெரும்பாலும் நிதி விதிகள், இணையப் பதிவேற்றம். புதுதில்லியில் இன்றைய நீபா என்ற தேசியக் கல்வித் திட்டமிடல், நிர்வாக நிறுவனத்தின் கீழ் பள்ளித் தலைமைக்கென்றே ஒரு தேசிய மையம் 2012இல் தொடங்கப்பட்டது நல்ல விஷயம். ஆனால் எங்கள் ஊர்ச் சந்தை என்றைக்கு என்று தில்லிக்குத் தெரிய வாய்ப்பில்லை. பல்கலைக்கழகம் இருக்கும் சேலத்துக்குத் தெரியலாம். காரைக்குடிக்கு அந்தச் சீமையின் சந்தை தெரியும்.

உங்கள் துறைகளிலிருந்து என் பள்ளிக்கு வந்தவர்களைப் பற்றி வருத்தத்தோடு ஒன்று சொல்ல வேண்டும். யாரையும் பெயர் சொல்லிக் குறை கூற மனமில்லை, அவர்களும் இளம் பிள்ளைகள், நெறியாளர் சொன்னதைச் செய்தவர்கள். ஒரு முறை முனைவர் பட்ட ஆய்வுக்கு ஒரு பெண் வந்தார். 'தலைமையாசிரியர்களின் தலைமைப் பண்பும் ஆசிரியர்களின் பணி நிறைவும்' என்கிற மாதிரித் தலைப்பு. அறுபது கேள்விகள். முற்றிலும் உடன்படுகிறேன், உடன்படுகிறேன், கருத்தில்லை என்று கட்டங்கள். எங்கள் ஆசிரியர்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் தள்ளிவைத்துவிட்டு நிரப்பினார்கள். "முடிவு தெரிந்ததும் எங்களுக்கும் சொல்லுங்கம்மா" என்றேன். கண்டிப்பாக சார் என்று சொல்லிவிட்டுப் போனார். பட்டம் வாங்கியிருப்பார், வாங்கியிருக்க வேண்டும் என்றே விரும்புகிறேன். எங்கள் பள்ளியைப் பற்றி அந்த ஆய்வு என்ன சொன்னது என்பது மட்டும் எங்களுக்கு இன்றுவரை தெரியாது. அந்தப் பெண்ணின் பிழை இல்லை இது. திருப்பிச் சொன்னால் அவருக்கு ஒரு மதிப்பெண்ணும் கிடையாது, சொல்லாவிட்டால் கேட்பாரும் கிடையாது. அந்த ஏற்பாட்டை மாற்ற உங்களால் முடியும்.

நம் மண்ணில் நல்ல ஆய்வு நடக்காது என்று யாரும் சொல்ல முடியாது. கொரோனாவில் பள்ளிகள் பூட்டிக் கிடந்தபின் பிள்ளைகள் எவ்வளவு இழந்தார்கள், எவ்வளவு மீட்டார்கள் என்று தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைத் தேடிப்போய் அளந்தார்கள். 2021 டிசம்பரில் இழப்பு கடுமையாக இருந்தது, மொழியைவிடக் கணக்கில் மிக அதிகம். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 விழுக்காடு 'இல்லம் தேடிக் கல்வி'யால் வந்தது என்று கணக்கிட்டார்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்காக, சாயங்காலம் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த எங்கள் ஊர்ப் பெண்களின் உழைப்புக்கு ஓர் எண் கிடைத்தது. அந்த எண்ணைப் படித்த அன்று, எங்கள் தன்னார்வலர் ஒருவர் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

ஆய்வை எழுதிய மூவர் அபிஜீத் சிங், மொரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன். ஸ்டாக்ஹோமிலும் மெக்சிகோவிலும் சான் டியாகோவிலும் பணியில் இருப்பவர்கள். அவர்களுக்கு என் நன்றி என்றைக்கும் உண்டு. அந்த வரிசையில் நம் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரும் இருந்திருந்தால் எப்படி மகிழ்ந்திருப்பேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். சென்னை அடையாற்றில் 1971இல் மால்கம் ஆதிசேஷையா வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கிய மாநிலம் இது. நம்மால் முடியாதது இல்லை.

ஆய்வாளர் கூடவே இருப்பதன் இன்னொரு பயனையும் சொல்லிவிடுகிறேன். நல்லது என்று எல்லோரும் நம்புகிற ஒன்று நல்லது செய்யவில்லை என்றால், அதை வெளிப்படையாகச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். மத்தியப் பிரதேசத்தில் பள்ளி நிர்வாகத்தைச் சீர்செய்ய ஒரு பெரிய திட்டம் வந்தது. பள்ளியை முழுமையாக மதிப்பிட்டு, தரம் போட்டு, பள்ளிக்கென்று தனி முன்னேற்றத் திட்டம் எழுதவைப்பது. குலுக்கல் முறையில் தேர்ந்த 1,774 பள்ளிகளில் நடத்தி, முரளிதரனும் சிங்கும் அளந்து பார்த்தார்கள். மதிப்பீடுகள் கிட்டத்தட்ட எல்லாப் பள்ளியிலும் முடிந்திருந்தன, போட்ட தரமும் சரியாகவே இருந்தது. பள்ளி நடப்பிலும் பிள்ளைகளின் படிப்பிலும் ஒரு மாற்றமும் இல்லை. கீழ்நிலை அலுவலர்களைக் கேட்டபோது, கூடியது காகித வேலைதான் என்று தெரிந்தது. ஆனாலும் வெற்றி என்றே கருதப்பட்டு, நாடு முழுக்க 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு அது போனது. இப்படிப்பட்ட படிவங்கள் எத்தனை நிரப்பியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. நிரப்பிய ராத்திரிகளில் அடுத்த நாள் பாடத்தைத் தயார் செய்யாமல் போன ஆசிரியர்களை எனக்குத் தெரியும்.

சிகாகோவிலும் இதேபோல் ஒரு சோதனை வந்தது. 2013இல் ஒரே வீச்சில் ஐம்பது பள்ளிகளை மூடினார்கள். பிள்ளைகள் இதைவிட நல்ல பள்ளிக்குப் போவார்கள் என்றார்கள். பல்கலைக்கழகக் கூட்டமைப்பு 2018இல் வெளியிட்ட ஆய்வு, மூடப்பட்ட பள்ளிகளின் பிள்ளைகள் படிப்பில் பின்தங்கியதையும், அந்த இழப்பின் துயரம் ஊரில் எப்படித் தங்கிவிட்டது என்பதையும் பதிவு செய்தது. சிகாகோ பள்ளி நிர்வாகம் தரும் தரவை வைத்து வேலை செய்கிறவர்கள், அதே நிர்வாகத்தின் முடிவைப் பற்றி இதை எழுத முடிந்தது. அதற்கு ஒரு ஏற்பாடு இருந்தது. தரவுக்கு எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம். நிர்வாகம், தலைமையாசிரியர் சங்கம், ஆசிரியர் சங்கம், ஊர் அமைப்புகள் எல்லாம் உட்காரும் வழிகாட்டுக் குழு. கண்டறிந்ததை முதலில் அவர்களிடம் காட்டுவார்கள், ஆனால் வெளியிடாமல் நிறுத்திவைக்க யாருக்கும் உரிமை கிடையாது. மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளிகளை இணைக்கலாமா என்ற பேச்சு நம் ஊரிலும் அவ்வப்போது எழுகிறது. அடுத்த முறை எழும்போது, இணைத்த பள்ளிகளின் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று மேசைமேல் வைக்க உங்களிடம் ஒரு கோப்பு இருக்க வேண்டும்.

11ஆம் வகுப்புப் பொதுத்தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். 2017-18இல் வந்தது. 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானதை ஒட்டி ரத்து செய்யப்பட்டது. நடுவில் எத்தனை லட்சம் பிள்ளைகள் எழுதினார்கள்! என் பள்ளியில் அது என்ன செய்தது என்று எனக்குத் தெரியும்: பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒழுங்காக நடத்தவைத்தது, ஏழெட்டுப் பிள்ளைகளைப் பன்னிரண்டுக்கு வராமலும் செய்தது. இரண்டில் எது பெரிது என்று ஒரு பள்ளியில் இருந்துகொண்டு சொல்ல முடியாது. மாநிலம் முழுவதையும் பார்த்துச் சொல்லும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். தேர்வு வந்ததும் போனதும் இரண்டும் கொள்கை முடிவுகள். இரண்டு நேரத்திலும் அமைச்சரும் செயலரும் முதலில் கூப்பிட வேண்டிய தொலைபேசி எண் உங்களுடையதாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. பேராசிரியர் பணியிடங்கள் காலியாகக் கிடப்பதையும், சில பல்கலைக்கழகங்கள் சம்பளத்துக்கே தடுமாறுவதையும் நாளிதழில் படிக்கிறேன். அதனால்தான் பெரிய கட்டடம் கேட்கவில்லை. ஓர் ஒன்றியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒன்றியத்தின் மேல்நிலை, உயர்நிலைப் பள்ளிகளின் ஒன்பதாம் வகுப்பு வருகைப் பதிவையும் தேர்வு மதிப்பெண்ணையும், பிள்ளைகளின் பெயரும் சாதியும் வெளியே போகாதபடி, பள்ளிக் கல்வித் துறையோடு ஒப்பந்தம் போட்டு வாங்குங்கள். உங்கள் எம்.எட். மாணவர்கள் படிக்கட்டும். மாதம் ஒருமுறை தலைமையாசிரியர்களை உட்காரவைத்து, அவரவர் பள்ளிக் கணக்கை அவரவர் கையில் கொடுங்கள். மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவனத்தையும் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்களுக்கு ஊரும் தெரியும் பள்ளியும் தெரியும். பெயர் சொல்ல வேண்டிய இடத்தில் வகுப்பாசிரியர் சொல்லிக்கொள்வார்.

ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்குத் தனியாக ஒன்று. பள்ளிகளில் தரவு எடுக்கும் ஒவ்வொரு முனைவர் பட்ட ஆய்வாளரும், ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன், அந்தப் பள்ளிகளுக்குத் தமிழில் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்து, நேரில் போய் விளக்கி, தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும் என்று ஒரு தீர்மானம் போடுங்கள். பேராசிரியர்களின் பதவி உயர்வில் ஆய்விதழ்க் கட்டுரைக்கு இருக்கும் இடத்தில் ஒரு சிறு பங்கையாவது அந்த நான்கு பக்கத்துக்குக் கொடுங்கள். இதற்குச் செலவு இல்லை. அடுத்த கூட்டத்திலேயே செய்யலாம்.

அந்த நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. 2019இல் தொடங்கியது, ஊரடங்கில் நின்றது, மறுபடி 2022 ஜூனிலிருந்து நான் ஓய்வு பெறும் வரை எழுதினோம். கிழமை வாரியாக, பிள்ளை வாரியாக. பெயர்களை மறைத்துவிட்டு நகல் தர நான் தயார். உங்கள் துறையிலிருந்து யாராவது ஒருவர் வாருங்கள். புதன்கிழமை காலையில் வந்தால் முதலில் சந்தையைக் காட்டிவிட்டு, பத்தரை மணிக்குப் பள்ளிக்குக் கூட்டிப்போகிறேன். இப்போதைய தலைமையாசிரியர் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்,
தருமபுரி மாவட்டம்